எண் 58: சதுரங்கப்பட்டினத்திலிருந்து மேற்கே

சென்னைக்காரர்களுக்கு மாமல்லபுரம் தெற்கே இருக்கிறது. திருவான்மியூரைத் தாண்டி, முட்டுக்காட்டு முகத்துவாரத்தைக் கடந்து, இடப்பக்கம் கடலை வைத்துக்கொண்டே போனால் வந்துவிடும் ஊர் அது. கிழக்குக் கடற்கரைச் சாலை இன்றைய வடிவத்துக்கு வந்தது 1990-களின் பிற்பகுதியில்தான். அந்தச் சாலை நம் மனத்தில் வரைந்துவிட்ட வரைபடத்தில் கடற்கரை ஊர்கள் எல்லாம் சென்னையின் வாலில் கோத்த மணிகள். செங்கல்பட்டும் திருக்கழுக்குன்றமும் அந்தப் படத்தின் ஓரத்துக்குப் போய்விட்டன.

ஆனால் இந்தக் கடற்கரைக்கு மேற்கிலிருந்து வருகிற வழி ஒன்று உண்டு. கடற்கரைச் சாலையைவிட அது மிகவும் பழையது. நெடுஞ்சாலைத் துறையின் பட்டியலில் அதற்கு மாநில நெடுஞ்சாலை எண் 58. சதுரங்கப்பட்டினத்தில் தொடங்கி திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, வாலாஜாபாத், காஞ்சிபுரம், அரக்கோணம் வழியாகத் திருத்தணியில் முடிகிறது. நூறு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் நீளம். திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு கிளை பிரிந்து பூஞ்சேரி வழியாக மாமல்லபுரத்துக்குப் போகிறது. சென்னையைத் தொடாமலே தொண்டை மண்டலத்தின் கடலையும் பழைய தலைநகர் காஞ்சியையும் வடக்கே திருத்தணி மலையையும் சேர்க்கும் சாலை இது.

இதன் வயது என்ன என்று கேட்டால் உள்ளூரில் பலரும் தயங்காமல் சொல்லும் பதில், 'பல்லவர் போட்ட ரோடு'. தலைநகர் காஞ்சி, துறைமுகம் மாமல்லை. இரண்டுக்கும் நடுவே ராஜபாட்டை இல்லாமலா இருந்திருக்கும் என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பேரரசு ஒரே மூச்சில் போட்ட சாலை என்று இதைச் சொல்வதற்குச் சான்று போதாது. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காகப் பிறந்த துண்டுகள் பிற்காலத்தில் ஓர் எண்ணுக்குள் வந்து சேர்ந்தன என்பதே பொருத்தமான பதில். அதே சமயம், அந்தத் துண்டுகள் சிலவற்றின் பழமை 'பல்லவர் ரோடு' என்று சொல்பவர்கள் நினைப்பதைவிடவும் சுவையானது.

கிழக்குத் துண்டிலிருந்து தொடங்கலாம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் வழியில் சிறிது தூரத்திலேயே வல்லம் வருகிறது. அங்கே குன்றின் பாறையைக் குடைந்த கோயில்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மகேந்திரவர்மன் காலத்தில் வசந்தப்பிரியராசனின் மகன் கந்தசேனன் செய்வித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. பேரரசன் அல்லாத ஒரு சிற்றரசன் குடைவித்த கோயில் இது. இன்னும் கிழக்கே போனால் திருக்கழுக்குன்றம். மலைக்குப் போகும் வழியில் ஒருகல் மண்டபம் என்னும் பல்லவர் காலக் குடைவரை. அதற்கும் கிழக்கே மாமல்லபுரம். தென்கிழக்கே, பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே வாயலூர். அங்கேயுள்ள ராஜசிம்மனின் தூண் கல்வெட்டு பல்லவ மன்னர்களின் வமிசாவளியைப் பட்டியலிடுகிறது.

ஆக, ஏழாம் நூற்றாண்டிலேயே இந்தக் கோட்டில் ஆட்கள் போய்வந்தார்கள், கல்தச்சர்கள் வேலை செய்தார்கள், செல்வர்கள் பொருள் கொடுத்தார்கள் என்பதில் ஐயமில்லை. திருக்கழுக்குன்றத்துக் கல்வெட்டு ஒன்று இந்தத் தொடர்ச்சியை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. முதலாம் ஆதித்தசோழனின் 27-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. கந்தசிஷ்யன் என்னும் முற்காலப் பல்லவன் கோயிலுக்குக் கொடுத்த நிலம், வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் அதை அப்படியே காத்தது, இப்போது சோழன் அதைப் புதுப்பிப்பது என்று மூன்று காலத்தையும் ஒரே கல்லில் சொல்கிறது. அரசு மாறினாலும் ஆட்கள் வந்துபோவது நிற்காத ஊருக்குத்தான் இப்படிப்பட்ட கல்வெட்டு வாய்க்கும். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் வேறு.

ஒருகல் மண்டபத்தில் இன்னொரு வியப்பும் காத்திருக்கிறது. பல்லவர் தூண்களில் டச்சுக்காரர்களின் பெயர்கள்! 17-ஆம் நூற்றாண்டில் மலையேறி வந்த ஐரோப்பியர்கள் ஆண்டையும் பெயரையும் கல்லில் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்று சுற்றுலாத் தலங்களில் இதயத்துக்குள் அம்பு வரைகிறவர்களைத் திட்டுகிறோம்; அந்த வழக்கத்துக்கு இங்கே முந்நூற்றைம்பது ஆண்டு முன்னுதாரணம் இருக்கிறது. பழையதாகிவிட்டதால் இப்போது அதையும் தொல்லியல் துறை பாதுகாக்கிறது.

அந்த டச்சுக்காரர்கள் வந்தது சாலையின் கீழ்முனையான சதுரங்கப்பட்டினத்திலிருந்து. ஐரோப்பியர் வாயில் அது சட்ராஸ். 14-ஆம் நூற்றாண்டில் சம்புவராய மன்னன் ராஜநாராயணனின் பெயரால் ராஜநாராயணன் பட்டினம் என்று வழங்கிய துறை அது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே பண்டகசாலை வைத்தது. பிறகு செங்கல் கோட்டை எழுந்தது. உள்நாட்டுத் தறிகளில் நெய்த துணி, குறிப்பாக மெல்லிய மஸ்லின், இந்தத் துறையிலிருந்து கப்பலேறியது. துணி நெய்த ஊர்கள் கடற்கரையில் இல்லை, உள்ளே இருந்தன. மூட்டை மூட்டையாகத் துணி கரைக்கு வருவதற்கு வண்டிப்பாதை வேண்டியிருந்தது. இந்தச் சாலையின் கிழக்குத் துண்டுக்கு யாத்திரை ஒரு காரணம் என்றால் துணி இன்னொரு காரணம்.

இன்று அந்தக் கோட்டைக்குள் இருக்கும் கல்லறைகளில் செதுக்கிய மண்டை ஓடுகளும் குடும்பச் சின்னங்களும் பார்க்கத் தக்கவை. 1754 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேச உட்கார்ந்த இடமும் சதுரங்கப்பட்டினம்தான். டச்சுக்காரர் நடுநிலை, அதனால் அவர்கள் ஊர் பொது இடம். பேச்சு முறிந்தது. அந்த ஆண்டே பிரெஞ்சு ஆளுநர் தூப்ளே பதவியிழந்து பிரான்சுக்குத் திரும்பினார். 1782 பிப்ரவரி 17-இல் இதே கடலுக்கு எதிரே சூஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பற்படையும் மோதின. 1824-இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு சதுரங்கப்பட்டினம் முற்றிலும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. சென்னை ஏற்கெனவே பெரிய துறைமுகம். சின்னத் துறைக்கு வேலையில்லாமல் போயிற்று. ஆனால் சாலையின் பெயரில் மட்டும் அதற்கே முதல் இடம்.

செங்கல்பட்டுக்கு மேற்கே நிலம் மாறுகிறது. கிழக்கே குன்றும் காடும். மேற்கே ஏரியும் பாலாறும். செங்கல்பட்டு மாவட்டத்தையே ஏரி மாவட்டம் என்று சொல்லும் வழக்கம் காரணமில்லாமல் வரவில்லை. இந்தப் பக்கத்துப் பழைய சாலைகள் ஏன் இப்படி வளைகின்றன என்று வண்டியோட்டிகள் அலுத்துக்கொள்வதுண்டு. பல இடங்களில் விடை ஏரிக்கரைதான். மழைக்காலத்திலும் மூழ்காத மேட்டு நிலம் கரை ஒன்றுதான்; மாட்டு வண்டி அதன் மேலேயோ அதை ஒட்டியோ போனது. பின்னால் வந்த ஓவர்சியர்கள் அந்தத் தடத்தின் மேலேயே சரளைக்கல்லைக் கொட்டினார்கள். தார் அதன் மேல் விழுந்தது. மதகையும் கலங்கலையும் தவிர்த்துப் போன வண்டித்தடத்தின் வளைவில் இன்று பேருந்தும் டிப்பர் லாரியும் திரும்புகின்றன.

வாலாஜாபாத்துக்குக் கொஞ்சம் முன்னால், சாலையோரம் குன்றின்மேல் லட்சுமி நரசிம்மர் இருக்கும் பழைய சீவரம். எதிர்க்கரையில் திருமுக்கூடல், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். அங்கேயுள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு புகழ்பெற்றது. வேதம் படிக்கும் மாணவர்களுக்கு விடுதி, அதோடு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை. மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து கொண்டுவருபவர், தாதியர் என்று ஒவ்வொருவருக்கும் நெல்லும் காசும், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயரும் அதில் உண்டு. ஓர் அரசு மருத்துவமனையின் ஆண்டு பட்ஜெட்டைப் படிப்பதுபோல் இருக்கும். இத்தனையும் ஆள் நடமாட்டமில்லாத காட்டில் அமைந்திருக்காது. மூன்று ஆறு கூடும் அந்த இடம் வழிகளும் கூடும் இடமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இந்தப் பகுதிச் சாலையின் மிகப் பழைய வழிப்போக்கர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், அவர் காஞ்சி வரதர். ஆண்டுதோறும் மாட்டுப் பொங்கலன்று பாரிவேட்டைக்காகக் கோயிலைவிட்டுப் புறப்பட்டு, ஊர் ஊராக மண்டகப்படி ஏற்றுக்கொண்டு பழைய சீவரம் வந்து மலையேறுகிறார். பிறகு ஆற்றுக்கு அக்கரையில் திருமுக்கூடல். அன்றைக்குப் போக்குவரத்து நிற்கும், லாரிகள் ஓரங்கட்டும், யாரும் குறை சொல்வதில்லை. சாலை யாருடையது என்ற கேள்விக்கு இந்த ஊர்க்காரர்கள் ஆண்டுக்கு ஒரு நாள் நெடுஞ்சாலைத் துறைக்கு எதிரான பதிலைச் சொல்கிறார்கள்.

சாமி வந்த அதே தடத்தில்தான் படையும் வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கர்நாடகப் போர்களில் காஞ்சிக்கும் செங்கல்பட்டுக்கும் இடைப்பட்ட இந்த வழி உயிர்நாடி. செங்கல்பட்டுக் கோட்டை விஜயநகர மரபினர் கட்டியது. ஏரியும் சதுப்பும் அதற்கு இயற்கை அகழி. 1752-இல் கிளைவ் கோவளத்தைப் பிடித்த கையோடு செங்கல்பட்டையும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தார். இந்தக் கோட்டை கையில் இருந்ததன் அருமை 28 ஆண்டு கழித்துத் தெரிந்தது.

1780 செப்டம்பர் 10. காஞ்சிக்கு வடக்கே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை திப்புவும் ஹைதரும் நொறுக்கினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் அதுவரை கண்டிராத தோல்வி. ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு அந்தக் காட்சியை ஓவியமாகவே தீட்டிவைத்தார். அப்போது ஜெனரல் மன்ரோ பெரும்படையோடு சில மணி நேர நடைதூரத்தில் காஞ்சியில் இருந்தார். பெய்லியின் கதி தெரிந்ததும் கனரகப் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு செங்கல்பட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் பின்வாங்கினார். ஹைதரின் குதிரைப்படை பின்னால் துரத்தியது. செங்கல்பட்டுக் கோட்டை இல்லாவிட்டால் அந்தப் படையும் சென்னை திரும்பியிருக்காது என்று கருத இடமுண்டு. (புள்ளலூர் இதற்கும் முன்பே போர் பார்த்த ஊர். மகேந்திரவர்மன் அங்கே பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. எந்தக் காலத்திலும் காஞ்சியைப் பிடிக்க வருகிறவனுக்கு அந்தத் திசைதான் தோதாக இருந்திருக்கிறது.)

வாலாஜாபாத்தும் இந்தப் போர்க்காலத்தின் பிள்ளைதான். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர்; கம்பெனியின் படைவீடாக வளர்ந்தது. 1806-இல் வேலூரில் சிப்பாய்கள் எழுந்தபோது இங்கேயும் தலைப்பாகைக்கு எதிரான முணுமுணுப்பு இருந்தது. படைவீடு போய்விட்டது, பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் எஞ்சியிருக்கின்றன.

காஞ்சிக்கு வடக்கே சாலையின் கதை ரயிலின் கதையோடு பின்னிக்கொள்கிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில்பாதை 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறந்தபோது அரக்கோணம் அதில் ஒரு நிலையம். 1865-இல் இந்தியன் டிராம்வே கம்பெனி அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு மூன்றரை அடி அகலத்தில் ஓர் இலகுரயில் பாதை போட்டது. பட்டுக்கும் யாத்திரிகர்களுக்கும் ஆன பாதை. பிறகு அது மீட்டர்கேஜாகி, தென்னிந்திய ரயில்வேக்குள் சேர்ந்து, செங்கல்பட்டு வரை நீண்டது. ஏறத்தாழ சாலையை ஒட்டியே தண்டவாளம் போவதால், அரக்கோணத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே சாலை அரை நூற்றாண்டுக்கு மேல் ரயிலுக்கு எடுபிடி வேலைதான் பார்த்தது.

கடற்கரைக்கும் ரயில் ஒரு வாசலைத் திறந்தது. மாமல்லபுரத்துக்கு சென்னையிலிருந்து வர 19-ஆம் நூற்றாண்டில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பக்கிங்காம் கால்வாயில் படகு. இரவெல்லாம் தூங்கிக்கொண்டே வரலாம். இன்னொன்று, செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் வண்டி. இரண்டாவது வழியில் வந்தவர்கள் திருக்கழுக்குன்றத்தில் இறங்காமல் போகமாட்டார்கள். நண்பகலில் வேதகிரி மலைப் பாறையில் இரண்டு வெண்ணிறக் கழுகுகள் வந்து பண்டாரம் கையால் சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டுப் போகும் காட்சி உலகப் புகழ் பெற்றிருந்தது. காசியில் நீராடி ராமேசுவரம் போகும் வழியில் இறங்குவதாக ஐதிகம். பறவை நூலார் அவற்றை மஞ்சள்முகப் பாறு என்பார்கள். விடுதலைக்குப் பிறகு காஞ்சி, பட்சிதீர்த்தம் (திருக்கழுக்குன்றம்), மகாபலிபுரம் என்று ஒரே நாளில் சுற்றிக்காட்டிய சுற்றுலாப் பேருந்துகளும் இந்தச் சாலையில்தான் ஓடின. உச்சிவேளைக்குள் மலையடிவாரம் சேர வேண்டும் என்பது ஓட்டுநரின் கவலை. 1990-களின் இறுதியில் கழுகுகள் வருவது நின்றது. நாடு முழுக்கப் பாறுக் கழுகுகள் அழிந்ததில் கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்துக்குப் பெரும் பங்கு உண்டு என்று பின்னால் தெரியவந்தது.

கழுகுகள் நின்றதும் கடற்கரைச் சாலை திறந்ததும் ஏறக்குறைய ஒரே காலம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லை, ஆனால் திருக்கழுக்குன்றத்துக்கு இரண்டும் சேர்ந்தே அடி கொடுத்தன. கடற்கரைச் சாலையைத் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் எடுத்து மேம்படுத்தி, 2002 முதல் சுங்கம் வசூலித்தது. பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. நிறுவனங்களோடு ராஜீவ் காந்தி சாலையாக மாறியது. மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி வரையிலான துண்டு இப்போது தேசிய நெடுஞ்சாலை 332ஏ. 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். 2022-இல் செஸ் ஒலிம்பியாட் பூஞ்சேரியில் நடந்தது. உலகமே கடற்கரைக்கு வந்தது. எல்லாம் வடக்கிலிருந்து வந்தது.

மேற்கிலிருந்து வரும் சாலைக்குக் கிழக்கு முனையில் மிஞ்சிய பெரிய வேலை கல்பாக்கம். 1971-இல் தொடங்கிய அணு ஆராய்ச்சி மையமும், 1980-களில் மின்சாரம் தரத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையமும் சதுரங்கப்பட்டினத்தின் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆயின. அணுமின் நிலையங்களைச் சுற்றி 16 கிலோமீட்டர் தொலைவுவரை நெருக்கடிக்காலத் திட்டம் வகுப்பது இந்திய நடைமுறை. கல்பாக்கத்துக்குக் கிழக்கே கடல். ஆகவே உள்நாட்டுக்குப் போகும் சாலை அந்தத் திட்டத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பதை விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி கல்பாக்கம் நகரியத்துக்குள்ளேயே புகுந்தபோது, கடலுக்கு இணையாக ஓடும் சாலையையும் கடலைவிட்டு விலகிப்போகும் சாலையையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது என்பது வெளிப்படையாயிற்று.

வடமுனையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆந்திர மாநிலம் பிறந்த 1953-லிருந்து 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி தமிழ்நாட்டில் இல்லை. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக வந்து சேர்ந்தது. அந்த ஆண்டுகளில் ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு காஞ்சியிலிருந்து நடந்தவர்கள் ஒரு மாநில எல்லையைக் கடந்தே போனார்கள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து திருத்தணி வரை ஒரே மாநிலத்தின் நெடுஞ்சாலை என்று எண் கொடுப்பதற்கே ஓர் எல்லைப் போராட்டம் முடிய வேண்டியிருந்தது. தேசிய, மாநில, மாவட்டச் சாலை என்று வகை பிரிக்கும் முறைகூட 1943-இன் நாக்பூர் திட்டம் கொண்டுவந்ததுதான். ஆக, '58' என்னும் முழுச்சாலை மிகவும் இளையது. அதன் அங்கங்கள்தான் முதியவை.

இப்போது மீண்டும் மேற்கு-கிழக்குத் திசைக்கு மவுசு திரும்புகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகள் வளர்ந்த பிறகு செங்கல்பட்டு, வாலாஜாபாத், காஞ்சி முக்கோணத்தில் லாரிக் கூட்டம் தாங்கவில்லை. ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் 484 மில்லியன் டாலர் கடன் ஒப்புக்கொண்ட சென்னை - கன்னியாகுமரி தொழில் வழித்தடத் திட்டம், ஏறத்தாழ 590 கிலோமீட்டர் மாநில நெடுஞ்சாலைகளைச் சீர்ப்படுத்துவது. 58-இன் செங்கல்பட்டு - காஞ்சிபுரம் பகுதியும் காஞ்சிபுரம் - அரக்கோணம் - திருத்தணி பகுதியும் அதில் வருகின்றன. அகலப்படுத்துவது என்றால் சாலையோரப் புளியமரங்கள் போகும். ஏரிக்கரை வளைவுகள் சில நேராகும். அந்த வேலையில் கால்வாயும் மதகும் அடைபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் நீர்வளத் துறையும் பாசன விவசாயிகளும்.

இன்னொரு பக்கம், எண்ணூரில் தொடங்கித் தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள்கோவில் வழியாக வரும் சென்னை எல்லைச் சாலை. சுமார் 133 கிலோமீட்டர், ஐந்து பகுதிகள். ஐந்தாம் பகுதி சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து கிழக்கே திரும்பி மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் முடிகிறது. உள்நாட்டிலிருந்து நேரே கடற்கரைக்கு வரும் பெரிய சாலை என்ற முறையில் அது 58-இன் கிழக்குத் துண்டு நூற்றாண்டுகளாகச் செய்த வேலையைத்தான் செய்யப்போகிறது. கொஞ்சம் வடக்கே தள்ளி, பல மடங்கு அகலமாக. கனரக வண்டிகள் அங்கே போய்விட்டால் வல்லத்துக் குடைவரை வழியாகத் திருக்கழுக்குன்றம் போகும் பழைய சாலைக்குக் கிரிவலக்காரர்களும் டவுன் பஸ்ஸும் கல்பாக்கம் ஊழியர்களும் மிஞ்சுவார்கள். செங்கல்பட்டுக்கு மேற்கே கடன் வாங்கி அகலப்படுத்தும் அரசு, கிழக்கே இருக்கும் இந்தச் சுமார் முப்பது கிலோமீட்டருக்கு என்ன திட்டம் வைத்திருக்கிறது என்பதை 2019 நவம்பரில் பிறந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் நிர்வாகம்தான் முதலில் கேட்க வேண்டும்.